மச்சானோட புது லேப்டாப்புக்கு என்ன பூட்டு போடறது?

மச்சான் திருப்பூர்ல ஒரு பனியன் கம்பெனில மெர்ச்சண்டைசர். போன வாரம் புது லேப்டாப்போட வந்து, "மாமா, இதுக்கு நல்ல பாஸ்வேர்ட் சாப்ட்வேரா ஒண்ணு போட்டு குடுங்க, அஞ்சு நிமிஷ வேலைதான"ன்னு டீ குடிச்சுட்டே சொன்னான். அஞ்சு நிமிஷம்னு உக்காந்தது மூணு சாயங்காலம் ஓடிருச்சு, ஏன்னா பாஸ்வேர்ட் சாப்ட்வேர்னு தேடினா வர்றது ஒரே சாமான் இல்ல. ஒரு போல்டர மட்டும் பூட்டறது ஒரு வகை, டிஸ்க் முழுசையும் என்கிரிப்ட் பண்றது, அதாவது சாவி இல்லாதவனுக்கு ஒண்ணும் புரியாத மாதிரி மாத்தி வைக்கறது, இன்னொரு வகை, நம்ம நூத்துக்கணக்கான பாஸ்வேர்ட ஞாபகம் வச்சு தர்ற மேனேஜர் மூணாவது வகை. ஹார்ட்வேர் கடைல போய் பூட்டு குடுங்கன்னா சைக்கிளுக்கா கேட்டுக்கா பீரோவுக்கான்னு திருப்பி கேப்பாங்கல்ல, இங்க அப்படி கேக்கறதுக்கு ஆள் இல்ல, முதல்ல வர்ற லிங்க்ல எது இருக்கோ அத டவுன்லோட் பண்ணிட்டு பூட்டிட்டோம்னு நெனச்சுக்கறோம், அதான் பிரச்சனையே.

அதனால நான் அவன்கிட்ட கேட்டேன், நீ யாருக்கு பயப்படற? அவன் யோசிச்சுட்டு மூணு பேர சொன்னான். பக்கத்து சீட்டுக்காரன் விலை கணக்கு போட்டு வச்ச காஸ்டிங் ஷீட்ட எட்டிப் பாத்துரக் கூடாது, பஸ்லயோ ட்ரெயின்லயோ லேப்டாப் தொலைஞ்சா சரக்கு வாங்கற பையருங்க விவரம் வெளிய போயிரக் கூடாது, வீட்ல பையன் கேம் ஆடறேன்னு எதையாச்சும் அழிச்சிரக் கூடாது. இதுல பையனுக்கு சாப்ட்வேரே வேண்டாம், அவனுக்குன்னு தனி யூசர் அக்கவுண்ட், அட்மின் இல்லாம, போட்டு விட்டா முடிஞ்சுது. பக்கத்து சீட்டுக்காரனுக்கு எந்திரிக்கும்போது விண்டோஸ் பட்டனையும் எல் பட்டனையும் சேத்து அமுக்கற பழக்கம் போதும், காசு செலவில்ல. நிஜமா யோசிக்க வேண்டியது அந்த நடுவுல இருக்கறவன், லேப்டாப்ப கைல எடுத்துட்டு போறவன்.

அவன் விஷயத்துல விண்டோஸ் லாகின் பாஸ்வேர்ட் ஒரு காசுக்கு பெறாதுன்னு எனக்கு புரிஞ்சது ஒரு சர்வீஸ் கடைல. நான் இன்கம் டாக்ஸ், ஜிஎஸ்டி பைலிங் பண்ற ஆளு, ரெண்டு டேபிள் ஆபீஸ். மூணு வருஷம் முன்ன என் லேப்டாப் ஆன் ஆகல, கடைக்கு கொண்டு போனேன், கவுண்டர்ல இருந்த பையனுக்கு இருபது வயசு கூட இருக்காது. "பாஸ்வேர்ட் எழுதி குடுத்துட்டு போகட்டுமாப்பா?"ன்னேன். "வேண்டாங்ணா, அதெல்லாம் தேவப்படாது"ன்னு சொல்லிட்டே பின்னாடி ஸ்க்ரூவ கழட்டி, பைல் எல்லாம் இருக்கற டிஸ்க்க, சூயிங்கம் பாக்கெட் அளவு இருக்கற எஸ்எஸ்டிய, உருவி, ஒரு சின்ன டப்பால போட்டு அவன் கம்ப்யூட்டர்ல யுஎஸ்பில சொருகினான். யூசர்ஸ் போல்டர், அதுக்குள்ள என் பேரு. கிளிக் பண்ணான், உங்களுக்கு இத பாக்க அனுமதி இல்லன்னு ஒரு பெட்டி வந்துச்சு, அதுலயே கீழ கன்டினியூன்னு ஒரு பட்டனும் இருந்துச்சு. அத அமுக்கினான். அவ்ளோதான். கிளையண்ட்டுங்க பார்ம் 16, பேங்க் ஸ்டேட்மென்ட், ஆதார் காப்பி வரிசையா நிக்குது. "டேட்டா பத்திரமா இருக்குங்ணா"ன்னு சந்தோஷமா சொன்னான். எனக்கு வேர்த்துருச்சு. அந்த பையன் மேல தப்பே இல்ல, நல்ல வேலைக்காரன், நான்தான் ஆறு வருஷமா தாழ்ப்பாள் இல்லாத கதவுல 'உத்தரவின்றி உள்ளே வராதே' போர்டு மாட்டிட்டு நிம்மதியா தூங்கியிருக்கேன்.

பின் நம்பர், விரல் ரேகை, முகம் காட்டறது எல்லாம் இதே கணக்குதான், ஆன் பண்ணி உள்ள வர்றவனத்தான் தடுக்கும், டிஸ்க்க கழட்டறவனுக்கு அது தெரியவே தெரியாது. பயாஸ், அதாவது விண்டோஸுக்கு முன்னாடி எந்திரிக்கற அடிப்படை சாப்ட்வேர், அதுல போடற பாஸ்வேர்டும் அப்படித்தான், கம்ப்யூட்டர் ஸ்டார்ட் ஆகறத தடுக்கும், எஸ்எஸ்டி வேற மெஷினுக்கு போயிட்டா பயாஸுக்கு என்ன வேலை. சில லேப்டாப்ல டிஸ்க்குக்கே தனி பாஸ்வேர்ட் பயாஸ்ல இருந்து போடலாம், அது இன்னும் கொஞ்சம் கெட்டி, ஆனா உள்ள என்க்ரிப்ஷன் சரியா பண்ணியிருக்காங்களான்னு டிஸ்க் கம்பெனிய நம்பணும். 2018ல நெதர்லாந்து ராட்பவுட் யுனிவர்சிட்டி ஆளுங்க பிரபலமான எஸ்எஸ்டி சிலத பிரிச்சு பாத்து, பாஸ்வேர்டே இல்லாம டேட்டாவ எடுக்க முடியுதுன்னு காட்டினாங்க. அதுக்கப்பறம் மைக்ரோசாஃப்டே டிஸ்க்கோட சொந்த என்க்ரிப்ஷன நம்பறத விட்டுட்டு தானே சாப்ட்வேர்ல பண்ற மாதிரி 2019ல மாத்திருச்சு. அதனால அந்த பக்கம் நான் போகல.

சரி, போல்டர் லாக் சாப்ட்வேர். மச்சான் மனசுல இருந்தது இதுதான். நம்ம தலைமுறைக்கு இது மேல ஒரு பாசம் உண்டு, காலேஜ்ல நோட்பேட்ல பத்து இருபது வரி காப்பி அடிச்சு, லாக்கர்னு பேர் வச்சு, பேட்ச் பைலா சேவ் பண்ணுவோம், டபுள் கிளிக் பண்ணா போல்டர் காணாம போயிரும், திரும்ப டபுள் கிளிக் பண்ணி பாஸ்வேர்ட் அடிச்சா வந்துரும். ஹாஸ்டலே வியந்து பாத்துச்சு. உள்ள நடக்கறது என்னன்னா போல்டர் பேர கண்ட்ரோல் பேனல் மாதிரி மாத்தி, ஹிட்டன்னு ஒரு முத்திரை குத்தி வைக்கறது, அவ்ளோதான். பாஸ்வேர்ட் எங்க இருக்குன்னா அதே பைல்லயே, ரைட் கிளிக் பண்ணி எடிட் குடுத்தா பச்சையா எழுதியிருக்கும். என் ரூம்மேட் ஒரு வாரத்துல கண்டுபுடிச்சு, உள்ள இருந்த போட்டோவ எல்லாம் வரிசையா பேர் மாத்தி வச்சுட்டு போயிட்டான், இன்னைக்கும் சொல்லி சிரிப்பான்.

இப்ப காசு குடுத்து வாங்கற போல்டர் லாக்கர்ல சிலது உள்ள நிஜமாவே ஏஇஎஸ் 256ங்கற கெட்டியான முறைய போட்டு என்கிரிப்ட் பண்ணுது, இல்லன்னு சொல்லல. ஆனா சிலது இன்னும் அந்த ஹாஸ்டல் வேலையத்தான் பளபளன்னு ஐகான் வச்சு பண்ணுது, வெளிய பாத்தா ரெண்டும் ஒண்ணாத்தான் தெரியும். நான் சோதிக்கற வழி ஒண்ணு இருக்கு, லாக் பண்ணிட்டு, விண்டோஸுக்கு பதிலா ஓடற லினக்ஸ்ங்கற ஃப்ரீ சிஸ்டத்த ஒரு பென் டிரைவ்ல ஏத்தி, அதுல இருந்து அந்த லேப்டாப்ப ஸ்டார்ட் பண்ணி பாருங்க, பைல் அப்படியே தெரிஞ்சா அது பூட்டு இல்ல, திரை. மச்சான் ஏற்கனவே ஒண்ண ட்ரையல் போட்டு வச்சிருந்தான், லினக்ஸ்ல போய் பாத்தோம், காஸ்டிங் ஷீட் திறந்துகிட்டு நிக்குது. அன்னைக்கே தூக்கியாச்சு. இன்னொரு கஷ்டமும் இருக்கு, ஒரு போல்டர மட்டும் பூட்டினாலும் எக்ஸெல் போட்டு வைக்கற தற்காலிக காப்பி, டவுன்லோட்ஸ்ல கெடக்கற அதே பைல், மெயில்ல இருந்து நேரா ஓபன் பண்ணது, இதெல்லாம் பூட்டுக்கு வெளியதான் சிதறிக் கெடக்கும். அதனால டிஸ்க் முழுசையும் என்கிரிப்ட் பண்றதுதான் என் கணக்குல முதல் வேலை, மத்ததெல்லாம் அதுக்கப்பறம்.

விண்டோஸ்காரனுக்கு இதுல முன்னாடி நிக்கறது விண்டோஸுக்குள்ளயே வர்ற பிட்லாக்கர். பழைய விண்டோஸ் விஸ்டா காலத்துல இருந்தே இருக்கு, ஆனா இப்ப விண்டோஸ்ல ப்ரோ எடிஷன் வாங்கினவங்களுக்குத்தான் முழுசா. நம்மாளு வாங்கற லேப்டாப்ல பெரும்பாலும் வர்றது ஹோம் எடிஷன், அதுல பிட்லாக்கர்னு பேர் இருக்காது, டிவைஸ் என்க்ரிப்ஷன்னு இருக்கும், செட்டிங்ஸ்ல பிரைவசி அண்ட் செக்யூரிட்டிக்குள்ள போனா ஒரே ஒரு சுவிட்ச். உள்ள ஓடற எஞ்சின் அதேதான். சுவிட்சே காணோம்னா சாவிய பத்திரமா வச்சுக்கற டிபிஎம்ங்கற சிப் இல்ல, இல்லன்னா பயாஸ்ல செக்யூர் பூட்ங்கற பாதுகாப்பு ஆஃப்ல இருக்கும், அத பாருங்க. விண்டோஸ் 11ல 24எச்2ங்கற அப்டேட் வந்ததுக்கப்பறம், புது மெஷின்ல மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட் போட்டு முதல் தடவ உள்ள போனாலே நம்மள கேக்காமயே ஆன் ஆகிடுது. மச்சானோடது அப்படி ஏற்கனவே ஆன் ஆகித்தான் இருந்துச்சு! அவனுக்கு தெரியவே தெரியாது. அப்பறம் எப்படி லினக்ஸ்ல காஸ்டிங் ஷீட் தெரிஞ்சுதுன்னு கேப்பீங்க, அந்த ட்ரையல அவன் போட்டு வச்சிருந்தது பழைய லேப்டாப்ல, நாங்க சோதிச்சதும் அதுலதான், புதுசுல அதே பென் டிரைவ் போட்டு பாத்தப்ப டிஸ்க் பூட்டியிருக்குன்னு சொல்லிருச்சு.

இது நல்லதா கெட்டதான்னு கேட்டா ரெண்டும். நல்லது, ஏன்னா ஒண்ணும் பண்ணாமயே பூட்டு விழுந்துருச்சு. கெட்டது, ஏன்னா சாவி எங்க இருக்குன்னு ஓனருக்கே தெரியாது. அந்த சாவிக்கு பேரு ரெகவரி கீ, 48 இலக்கம், ஆறு ஆறா எட்டு கட்டு. ஆட்டோமேட்டிக்கா ஆன் ஆனா அது மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட்டுக்குள்ள போய் உக்காந்துக்கும். லேப்டாப் செட்டப் பண்ணப்ப கடைக்காரரு அவரு மெயில் ஐடியவே போட்டு குடுத்திருந்தா சாவி அவரு அக்கவுண்ட்ல, இது நெறைய பேருக்கு நடக்குது, தயவுசெஞ்சு பாத்துக்கோங்க. அக்கவுண்ட்டே இல்லாம லோக்கல் யூசரா வச்சிருந்தா வேற கூத்து, டிஸ்க் என்கிரிப்ட் ஆன மாதிரியே இருக்கும் ஆனா சாவியும் பூட்டுலயே தொங்கிட்டு இருக்கும், அக்கவுண்ட் போட்டு உள்ள வந்தாத்தான் பூட்டு முழுசா விழும்.

அந்த 48 இலக்கத்தோட அருமை எனக்கு ஒரு ஜூலை 30ம் தேதி தெரிஞ்சுது. மறுநாள் ரிட்டர்ன் போட கடைசி நாள், ஆபீஸ் வாசல் வரைக்கும் ஆளு. முந்தின நாள் ராத்திரி ஏதோ அப்டேட் கேக்குதேன்னு ஓகே குடுத்துட்டு தூங்கிட்டேன், அது பயாஸ் அப்டேட். காலைல ஆன் பண்ணா நீல ஸ்க்ரீன், ரெகவரி கீ அடிங்கன்னு நிக்குது. பயாஸ் மாறினதும் டிபிஎம்முக்கு இது பழைய மெஷின் தானான்னு சந்தேகம் வந்துரும், அது பாட்டுக்கு அதோட வேலைய பண்ணுது, திட்டவும் முடியாது. நல்ல வேளை, கீய பிரிண்ட் எடுத்து வீட்டு பீரோல வச்சிருந்தேன். வீட்டுக்கு போன் போட்டேன். "ஏனுங்க, இதுல நம்பரா கெடக்குது, எங்கிருந்து படிக்க?" "கீழ பெருசா எட்டு கட்டா இருக்கும் பாரு, மெதுவா ஆறு ஆறா சொல்லு." மூணாவது கட்டுல ஒண்ண ஏழுன்னு சொல்லிட்டா, அங்கயே தப்புன்னு ஸ்க்ரீன் சொல்லிருச்சு, எட்டும் அடிச்சு முடிக்கற வரைக்கும் காத்திருக்கல. அந்த ஆறு இலக்க கட்டு ஒவ்வொண்ணும் 11ஆல மீதியில்லாம வகுபடற மாதிரி செஞ்சிருக்காங்க, அதனால ஒரு எண் மாறினாலும் அங்கயே பிடிபட்டுரும். யாரு யோசிச்சாங்களோ, அன்னைக்கு மனசுக்குள்ள கும்பிட்டேன்.

ப்ரோ இருந்தா இன்னொரு வசதி, ஸ்டார்ட் ஆகறதுக்கு முன்னாடியே ஒரு பின் கேக்கற மாதிரி வைக்கலாம். சாதாரணமா பிட்லாக்கர் டிபிஎம்மையே நம்பி தானா திறந்துகிட்டு லாகின் ஸ்க்ரீன் வரைக்கும் வந்துரும். 2024ல ஒரு ஆளு ராஸ்ப்பெரி பை பிக்கோன்னு ஒரு சின்ன போர்ட வச்சு, பழைய லேப்டாப் ஒண்ணுல டிபிஎம் சிப்புக்கும் பிராசசருக்கும் நடுவுல போற பேச்ச ஒட்டு கேட்டு, 43 செகண்ட்ல சாவிய எடுத்து காட்டினாரு. பயந்துராதீங்க, அதுல டிபிஎம் மதர்போர்டுல தனி சிப்பா இருந்துச்சு, இப்ப வர்ற நெறைய மெஷின்ல அது பிராசசருக்குள்ளயே இருக்கறதால அந்த குறிப்பிட்ட வழி ஓடாது. நம்ம லேப்டாப்ப பஸ்ல தூக்கறவன் இத்தனை பண்ணவும் மாட்டான், பார்மட் அடிச்சு வித்துருவான். ஆனா கிளையண்ட் டேட்டா வச்சிருக்கவங்க ப்ரோவும் பின்னும் போட்டுக்கலாம், நான் போட்டிருக்கேன். 2023ல வந்த தனிநபர் தரவு பாதுகாப்பு சட்டத்துல பாதுகாப்பு சரியா வைக்கலைன்னா 250 கோடி வரைக்கும் அபராதம்னு இருக்கு, நம்ம மாதிரி ஆளுக்கு அவ்ளோ போட மாட்டாங்கதான், இருந்தாலும்.

ரெண்டு சின்ன விஷயம், எல்லாரும் விட்டுடறது. ஏற்கனவே ஓட்டிட்டு இருக்கற லேப்டாப்ல பிட்லாக்கர் போடறப்ப இருக்கற டேட்டா மட்டுமா, டிரைவ் முழுசுமான்னு கேக்கும், முழுசும் குடுங்க, நேரம் எடுத்தாலும் பரவால்ல, இல்லன்னா முன்னாடி டெலீட் பண்ண பைலெல்லாம் என்கிரிப்ட் ஆகாத இடத்துல தோண்டி எடுக்கற மாதிரியே கெடக்கும். அப்பறம், மூடிய சாத்திட்டு ஸ்லீப்ல போட்டு பேக்ல வைக்கற பழக்கம். ஸ்லீப்ல இருக்கறப்ப சாவி மெமரிலயே இருக்கு. பயணம்னா ஷட்டவுன், இல்ல மெமரில இருக்கறத டிஸ்க்ல எழுதிட்டு ஆஃப் ஆகற ஹைபர்னேட்.

வெராகிரிப்ட்ங்கற என்கிரிப்ட் சாப்ட்வேர் பத்தி கொஞ்சம் நீளமா சொல்லணும், ஏன்னா கம்ப்யூட்டர் தெரிஞ்ச பிரெண்ட்ஸ கேட்டா முதல்ல இததான் சொல்லுவாங்க. ட்ரூகிரிப்ட்னு இதே மாதிரி ஒரு சாப்ட்வேர் இருந்துச்சு, 2014 மே மாசம் அத எழுதினவங்க இனி இது பாதுகாப்பு இல்லன்னு ஒரு வரி போட்டுட்டு கடைய சாத்திட்டாங்க, அவங்க யாருன்னே உலகத்துக்கு தெரியாது. அதோட கோட எடுத்து 2013லயே வளர்க்க ஆரம்பிச்சதுதான் வெராகிரிப்ட். ஃப்ரீ, கோட் திறந்து கெடக்கு, 2016ல வெளியாள வச்சு ஆடிட் பண்ணி, சொன்ன ஓட்டைல பெரும்பாலானத அடைச்சாங்க. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூணுலயும் ஓடும், ஹோம் எடிஷனா ப்ரோவான்னு கேக்காது, டிபிஎம்மும் வேண்டாம். சாவி நம்ம மண்டைக்குள்ள மட்டும்தான், எந்த கம்பெனி சர்வர்லயும் இல்ல. பிட்லாக்கர்ல பிடிக்காதது இதுதான்னு சொல்றவங்களுக்கு பதிலு இது.

ஆனா மச்சானுக்கு டிஸ்க் முழுசுக்கும் இத போட நான் சம்மதிக்கல. விண்டோஸ் பெரிய அப்டேட் வர்றப்ப பூட் பண்ற இடத்துல கை வைக்கும், அங்க உக்காந்திருக்கறது வெராகிரிப்ட், ரெண்டும் முட்டிக்கிச்சுன்னா, அத மீட்கறதுக்குன்னு முன்னாடியே எடுத்து வச்ச ரெஸ்க்யூ டிஸ்க் தேடி ஓடணும், அவன் ரெஸ்க்யூ டிஸ்க்க எங்க வைப்பான்னு எனக்கு தெரியும். கன்டெய்னரா யூஸ் பண்றது வேற, அது சூப்பர். பத்து ஜிபிக்கு ஒரு பைல் உருவாக்கிடறோம், பாஸ்வேர்ட் அடிச்சா புதுசா ஒரு டிரைவ் மாதிரி திறக்கும், வேலை முடிஞ்சதும் டிஸ்மவுண்ட், அதாவது அந்த டிரைவ மூடறது, திரும்ப வெறும் பைல். திறக்க சில செகண்ட் முழிக்கும், அது ஸ்லோ கம்ப்யூட்டர் இல்ல, யாராச்சும் மெஷின் வச்சு கெஸ் பண்ணா அவனுக்கு லேட் ஆகணும்னு பாஸ்வேர்ட லட்சக்கணக்கான தடவ அரைக்குது, வேணும்னே. இருபது எழுத்துக்கு கம்மியா பாஸ்வேர்ட் குடுத்தா சின்னதா இருக்கேன்னு கேக்கும், அந்த கண்டிப்பு எனக்கு பிடிக்கும். கஷ்டம் ரெண்டு, டிஸ்மவுண்ட் பண்ண மறந்துருவோம், அடுத்தவங்க கம்ப்யூட்டர்ல திறக்க அட்மின் உரிமை வேணும். யாராச்சும் பழைய ட்ரூகிரிப்ட் பைல் வச்சிருந்தா ஒரு வார்த்தை, 1.26ல இருந்து அத திறக்கற வசதிய எடுத்துட்டாங்க, பழைய வெர்ஷன்ல திறந்து மாத்திக்கோங்க.

கூகுள் டிரைவ்ல சிங்க் ஆகற போல்டருக்கு கன்டெய்னர் சரிப்படாது, உள்ள ஒரு எக்ஸெல்ல ஒரு செல் மாத்தினாலும் வெளிய பாக்கறதுக்கு அந்த பத்து ஜிபி பைலே மாறின மாதிரி. அங்க கிரிப்டோமேட்டர்னு ஒரு சாப்ட்வேர் நல்லா வேலை செய்யுது, ஒவ்வொரு பைலையும் தனித்தனியா என்கிரிப்ட் பண்ணி அனுப்பும், பேரையும் மறைச்சிரும். கம்ப்யூட்டர்ல ஃப்ரீ.

எங்க ஆபீஸ்ல வேலை பாக்கற பொண்ணு அவ அண்ணனுக்கு அரசாங்கம் குடுத்த இலவச லேப்டாப்ப இன்னும் ஓட்டுது, பத்து வருஷத்துக்கு மேல ஆச்சு, கல்லு மாதிரி இருக்கு. டிபிஎம் கிடையாது, விண்டோஸ் 11 ஏறாது, விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14ஓட சப்போர்ட்டும் முடிஞ்சுருச்சு. அதுக்கு லினக்ஸ்ல ஒரு வகையான மின்ட் போட்டோம், இன்ஸ்டால் பண்றப்பவே என்கிரிப்ட் பண்ணவான்னு ஒரு டிக் கேக்கும், அத போட்டா லக்ஸ்னு ஒண்ணு டிஸ்க்க பூட்டிக்கும். அந்த காலத்து மலிவு பிராசசர் சிலதுல ஏஇஎஸ் கணக்கு போட தனி வசதி இருக்காது, அதனால பெரிய பைல் காப்பி பண்றப்ப கொஞ்சம் திணறுது, டைப் அடிக்க, பிரவுசர் பாக்க ஒரு வித்தியாசமும் தெரியல. மேக் வச்சிருக்கவங்களுக்கு யோசனையே வேண்டாம், அதுலயே வர்ற டிஸ்க் பூட்டு பைல்வால்ட்ட ஆன் பண்ணிட்டு போங்க.

மெயில்லயும் வாட்ஸ்அப்லயும் ஒரு பைல அனுப்பணும்னா டிஸ்க் என்க்ரிப்ஷன் உதவாது, வெளிய போற காப்பிக்கு அந்த பூட்டு கூட போகாது. அதுக்கு பைல சுருக்கி பாஸ்வேர்ட் போடற 7-ஜிப், ஃப்ரீ. 7இசட் பார்மட் எடுத்து, பைல் பேரையும் என்கிரிப்ட் பண்ணுன்னு டிக் போட்டு, பாஸ்வேர்ட போன்ல சொல்லிடுங்க, அதே மெயில்ல எழுதாதீங்க. சாதாரண ஜிப்போட பழைய பாஸ்வேர்ட் முறைய உடைக்கற வழி 1994லயே வெளிய வந்துருச்சு. பிடிஎஃப் பாஸ்வேர்டும் பாஸ்வேர்ட் எதுங்கறத பொறுத்ததுதான். இ-ஆதார் திறக்க பேரோட முதல் நாலு எழுத்து, பொறந்த வருஷம். என் பேர் தெரிஞ்சவனுக்கு நூறு வருஷம் போட்டு பாத்தா போதும், ஒரு டீ ஆறதுக்குள்ள முடிஞ்சுரும். வருமான வரி நோட்டீஸ் பான் நம்பரும் பொறந்த தேதியும், ரெண்டும் அதே மெயில் பாக்ஸ்ல வேற எங்கயோ கெடக்கும். தபால் கவர்ல ஒட்டற பசை மாதிரி நெனச்சுக்கங்க, பூட்டா நெனைக்காதீங்க.

கடைசியா பாஸ்வேர்ட் மேனேஜர். எங்க தொழில்ல எல்லார்கிட்டயும் ஒரு எக்ஸெல் இருக்கும், அதுல அத்தனை கிளையண்ட் ஜிஎஸ்டி யூசர் ஐடி, பாஸ்வேர்ட், வரிசையா. எனக்கும் இருந்துச்சு. ஷீட் புரொடெக்ட் போட்டிருக்கோம் சார்னு சொல்லுவாங்க, அது கை தவறி செல்ல மாத்திராம இருக்கறதுக்கு வச்சது, திருடனுக்கு வச்சது இல்ல, சுலபமா எடுத்துரலாம். பைல திறக்கவே பாஸ்வேர்ட் கேக்கற மாதிரி போட்டா அது வேற, புது எக்ஸெல் பார்மட்ல அது ஏஇஎஸ், பரவால்ல ரகம். பழைய எக்ஸ்எல்எஸ்ஸா சேவ் பண்ணியிருந்தா ஒண்ணுமில்ல.

மேனேஜர்ல நான் ஓட்டி பாத்தது மூணு. குரோம்ல சேவ் பண்றது எல்லாரும் பண்றது, ஃப்ரீ, போன்லயும் வந்துரும். ஆனா லேப்டாப் திறந்து கெடந்தா உக்காந்தவன் எல்லாம் நீங்கதான், பாஸ்வேர்ட பாக்க பின் கேக்கும், லாகின் பண்ண கேக்காது. நம்ம பேர்ல ஓடற எந்த வைரஸும் அந்த பெட்டிய திறந்துரும்னு இருந்தது, 2024 ஜூலைல குரோம் 127ல விண்டோஸுக்கு கூடுதலா ஒரு காவல் போட்டாங்க, அதுக்கப்பறம் கொஞ்சம் கஷ்டம், முடியாதுன்னு இல்ல. கீபாஸ் எக்ஸ்சி முழுக்க நம்ம கைல, ஒரே பைல், நெட்டுக்கே போகாது. எனக்கு மனசுக்கு புடிச்சது இதுதான், ஆனா போனுக்கும் லேப்டாப்புக்கும் நாமளே காப்பி பண்ணணும், ரெண்டு இடத்துல ரெண்டு விதமா மாத்திட்டு எது புதுசுன்னு முழிச்சிருக்கேன். பிட்வார்டன் கிளவுட்ல வச்சு எல்லா மெஷினுக்கும் அனுப்பிரும், கோட் திறந்தது, ஃப்ரீ பிளான்லயே எத்தன மெஷின் வேணும்னாலும் போடலாம்.

கிளவுட்னா பயமா இல்லையான்னு மச்சான் கேட்டான், நியாயமான கேள்வி. 2022ல லாஸ்ட்பாஸ்ங்கற இன்னொரு கிளவுட் மேனேஜர்ல அதான் நடந்துச்சு, ஆகஸ்ட்ல உள்ள புகுந்தவங்க கடைசில கஸ்டமர் பெட்டகத்தோட பேக்கப் காப்பியவே எடுத்துட்டு போயிட்டாங்க, டிசம்பர்ல கம்பெனியே ஒத்துகிச்சு. பாஸ்வேர்டுங்க என்கிரிப்ட் ஆகித்தான் இருந்துச்சு, ஆனா எந்த எந்த சைட்டுங்கற விலாசம் திறந்து கெடந்துச்சு. மாஸ்டர் பாஸ்வேர்ட் சின்னதா வச்சவங்களுக்கு தூக்கம் போச்சு, ஏன்னா பெட்டிய வீட்டுக்கே எடுத்துட்டு போய் நிதானமா உடைக்கலாம்ல. ஆக கிளவுட்ல வச்சா மாஸ்டர் பாஸ்வேர்ட் நீளமா இருந்தே ஆகணும், அத மறந்தா கம்பெனியும் மீட்டு தராது. சம்பந்தமே இல்லாத அஞ்சு தமிழ் வார்த்தைய இங்கிலீஷ் எழுத்துல அடிச்சா நல்லா நிக்கும்னு சொல்லி குடுத்தேன், ஒரே எச்சரிக்கை, ழகரம் வர்ற வார்த்தை வேண்டாம். குழம்புக்கு இசட்எச் போட்டோமா வெறும் எல் போட்டோமான்னு ஆறு மாசம் கழிச்சு தெரியாது, அனுபவம்.

இத்தனைக்கும் மேல நான் மேனேஜர விடாததுக்கு காரணம் வேற ஒண்ணு. ரீபண்ட் வந்திருக்குன்னு சொல்லி ஒரு லிங்க் வரும், இன்கம் டாக்ஸ் போர்ட்டல் மாதிரியே அச்சு அசலா இருக்கும், நான் ஒரு தடவ யூசர் ஐடி வரைக்கும் அடிச்சுட்டேன். பிட்வார்டன் மட்டும் கம்முனு இருந்துச்சு, பாஸ்வேர்ட் தர்றேன்னு வரவே இல்ல. என்னடா இது ரிப்பேரான்னு விலாசத்த பாத்தா ஒரு எழுத்து வேற. என் கண்ணு ஏமாந்துச்சு, அது விலாசத்த மட்டும் பாக்கறதால ஏமாறல.

மச்சானுக்கு கடைசில போட்டது, புதுசா காசு குடுத்து வாங்கினது ஒண்ணுமே இல்ல. லேப்டாப்ல ஏற்கனவே இருந்த டிவைஸ் என்க்ரிப்ஷன், அவனோட சொந்த மெயில் ஐடிலதான் சாவி இருக்கான்னு உள்ள போய் பாத்துட்டு. பிட்வார்டன். காஸ்டிங் ஷீட் இருக்கற டிரைவ் போல்டருக்கு கிரிப்டோமேட்டர். பழைய லேப்டாப்ல இருந்தத ஒரு வெளி டிஸ்க்குக்கு பேக்கப் எடுத்துட்டு அத ஒரு வெராகிரிப்ட் கன்டெய்னர்ல போட்டோம், ஏன்னா ஹோம்ல வெளி டிஸ்க்க பூட்டற வசதி வராது. ரெகவரி கீய பிரிண்ட் எடுத்து கைல குடுத்தேன். பத்திரமா வச்சுக்கறேன் மாமான்னு நாலா மடிச்சு, நேரா லேப்டாப் பேக்கோட முன் ஜிப்புக்குள்ள சொருகினான். உருவி எடுத்து தங்கச்சிகிட்ட குடுத்தேன், அது பேசாம பீரோவ திறந்து பட்டுச்சேலைக்கு அடில வச்சுட்டு போயிருச்சு.